பதிவேட்டில் இருக்கிறேன், பட்டத்தில் இல்லை

அனுப்புநர்:
டிப்ளமோக்காரி ஒருத்தி,
ஒற்றசேகரமங்கலம்,
திருவனந்தபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மருத்துவக் கல்வியைக் கட்டிக் காக்கும் பெரியவர்கள்,
தலைமைச் செயலகம், திருவனந்தபுரம்.

பொருள்: பல் சுத்தம் செய்யும் படிப்புக்குப் பட்டம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1948-ஆம் வருடப் பல் மருத்துவர் சட்டம். (அதன் பிறகு எங்களைப் பார்த்தவர்கள் குறைவு.)

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

கடிதம் தமிழில் இருக்கிறதே என்று களியக்காவிளை வழியாகத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லை பிரிந்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போனது, எங்கள் நெய்யாற்றின்கரை கேரளப் பக்கம் நின்றது. எங்கள் வீட்டுத் தமிழுக்கு யாரும் தாக்கீது கொடுக்காததால் அது பாட்டுக்கு இங்கேயே இருந்துவிட்டது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அதே மொழியில் வரும் என்று கேரளத்தின் 1969-ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. அந்தத் தைரியம்தான்.

நான் டென்டல் ஹைஜீனிஸ்ட். பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருட டிப்ளமோ. ஊரில் கேட்டால் "பல்லு டாக்டருக்குப் படிச்ச பிள்ளை" என்பார்கள். டாக்டர் இல்லை என்று விளக்கினால், "அப்போ நர்சா?" என்பார்கள். அதுவும் இல்லை என்றால், ஏதோ படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. கல்யாணத் தரகர் என்னை "மெடிக்கல் லைன்" என்று சொல்லி முடித்துக்கொள்கிறார். அவர் விவரமானவர்.

எங்கள் வேலை என்னவென்று தாங்கள் அறிய வேண்டும். எங்கள் அம்மச்சி வாழ்நாள் முழுக்க உமிக்கரியும் மாவிலையும் வைத்துத்தான் பல் தேய்த்தவர். வெற்றிலைக் கறை வேறு. கீழ் முன்பற்களின் உட்புறத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மஞ்சளும் கறுப்புமாக ஒரு வரப்பு. எச்சில் சுரப்பி அங்கேதான் வந்து திறக்கிறது. துலக்காமல் விட்ட அழுக்கோடு எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து, கிணற்றுத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் பிடிக்கிற உப்பு மாதிரி காரையாக இறுகிவிடும். அதற்குப் பிறகு பிரஷ் போட்டாலும் போகாது, உப்புத்தூள் போட்டாலும் போகாது. "கிளீன் பண்ணினா பல்லு ஆடும் மக்களே" என்று அம்மச்சி வாயை இறுக மூடிக்கொண்டார். பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டுதான் இருந்தது. காரை அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்ததால் தெரியவில்லை, அவ்வளவுதான். இதை அவருக்குப் புரியவைத்து வாய் திறக்க வைத்தேனே, அதற்கு ஆன நேரத்தில் நாலு பேருக்கு ஸ்கேலிங் முடித்திருக்கலாம். மில்லிமீட்டர் கோடு போட்ட புரோபை ஈறின் ஓரத்தில் மெல்ல இறக்கி ஆழம் பார்ப்பதும், நொடிக்கு இருபத்தையாயிரம் தடவைக்கு மேல் அதிரும் ஸ்கேலர் முனையைப் பல்லில் அழுத்தாமல் தொட்டுத் தொட்டு எடுப்பதும் கைக்கு வந்துவிடும். ஒரு கிழவியின் வாயைத் திறக்க வைப்பதற்குத்தான் பட்டப்படிப்பே தேவை.

சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். நாடு சுதந்திரம் வாங்கி எட்டு மாதம் நிறையவில்லை, கேரளம் என்ற மாநிலமே பிறக்கவில்லை. அப்போதே, 1948 மார்ச்சில், பல் மருத்துவர் சட்டம் எங்களை நினைத்துப் பார்த்துவிட்டது. பல்லைச் சுரண்டி, சுத்தம் செய்து, மெருகேற்றுபவர், பல் சுகாதாரத்தைப் பற்றிச் சொல்லித் தருபவர் என்று எங்களுக்கு இலக்கணம் எழுதி, தனிப் பதிவேடும் திறக்கச் சொன்னது. 2023-இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அதிலும் துணைப் பணியாளர்களுக்குப் பதிவேடு உண்டு. எழுபத்தைந்து வருடத்தில் சட்டம் மாறியதே தவிர, படிப்பு டிப்ளமோவை விட்டு நகரவில்லை. எங்களை எழுதி வைப்பதில் இந்த நாட்டுக்கு இருக்கும் அக்கறை கண்ணீரை வரவழைக்கிறது.

இதற்கிடையில் நாட்டில் பல் மருத்துவக் கல்லூரிகள் 300-ஐத் தாண்டிவிட்டன. வருடா வருடம் பி.டி.எஸ். முடித்து ஆயிரக்கணக்கில் டாக்டர்கள் வெளியே வருகிறார்கள். நாலு வருடப் படிப்பு, ஒரு வருட இன்டர்ன்ஷிப். அத்தனை பேருக்கும் கிளினிக் வைக்கப் பணம் எங்கே? நான் ஒரு கிளினிக்கில் வேலை கேட்டுப் போனபோது, "இதே சம்பளத்துக்கு பி.டி.எஸ். முடிச்ச ரெண்டு பேர் நிக்கிறாங்க, நீ எதுக்கு?" என்ற கருத்துப்பட அன்பாகச் சொன்னார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். பி.டி.எஸ். பட்டம் பெற்ற ஒருவர் என் வேலையைச் செய்துகொண்டிருந்தார். பாவம், ஐந்து வருடம் படித்து என் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். நான் இரண்டே வருடத்தில் வந்துவிட்டேன். இப்போது சொல்லுங்கள், யார் கெட்டிக்காரி?

அரசு வேலையும் இருக்கிறது. பி.எஸ்.சி. எப்போதாவது அழைக்கும் 'டென்டல் ஹைஜீனிஸ்ட் கிரேடு 2'. பி.எஸ்.சி. என்றதும் நான் பட்டம் வாங்கிவிட்டதாகத் தாங்கள் மகிழ வேண்டாம். பப்ளிக் சர்வீஸ் கமிஷனைச் சொன்னேன். இன்றைய நிலையில் எனக்கு எட்டக்கூடிய பி.எஸ்.சி. அது ஒன்றுதான்.

அக்கம்பக்கத்தைப் பார்க்கிறேன். ஜி.என்.எம். படித்த பக்கத்து வீட்டு அக்கா போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்து பட்டதாரி ஆகிவிட்டாள். டி.பார்ம் படித்தவன் நேரே பி.பார்ம் இரண்டாம் வருடத்தில் ஏறுகிறான். பாலிடெக்னிக் முடித்தவனுக்கு பி.டெக். இரண்டாம் வருடத்தில் நாற்காலி போட்டிருக்கிறது. என் டிப்ளமோவுக்கு மேலே இங்கே அப்படி ஒரு படியை நான் காணவில்லை. மேலே படித்தே ஆக வேண்டுமென்றால் நீட் எழுதி, பி.டி.எஸ். முதல் வருடத்தில் போய், பல் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நீட் வினாத்தாள் தமிழிலும் கிடைக்கிறது என்பது ஆறுதல்.

வெளிநாட்டுக் கதையும் கொஞ்சம். 1906-இல் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரத்துப் பல் டாக்டர் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ், தன் உதவியாளரும் உறவுக்காரியுமான ஐரீன் நியூமனுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார். நம் ஊராக இருந்தால் உறவுக்காரப் பெண்ணை ரிசப்ஷனில் உட்கார வைத்து டோக்கன் கொடுக்கச் சொல்லியிருப்பார். அவர் 1913-இல் இதற்கென்றே ஒரு பள்ளி தொடங்கினார். 1917-இல் ஐரீனுக்கு உரிமமே கிடைத்தது. இன்று அங்கே இதில் இளங்கலையும் உண்டு, முதுகலையும் உண்டு. நியூசிலாந்து 1921-லேயே பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கப் பல் நர்சுகளுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. இலங்கையும் அதே வழியில் மஹரகமவில் பயிற்சிப் பள்ளி வைத்தது. இதையெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசும் பழக்கம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் வளர்த்தார்கள்.

ஆகவே, மூன்று வருடப் பட்டப்படிப்பு ஒன்று தொடங்கி, டிப்ளமோ முடித்தவர்களை இரண்டாம் வருடத்தில் சேர்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பள்ளிக்கூடங்களிலும் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் ஈறு பார்த்து, பல் துலக்கச் சொல்லிக்கொடுத்து, காரை எடுத்துவிடும் வேலையை அவர்களிடம் கொடுத்தால், டாக்டர்கள் டாக்டர் வேலையைப் பார்ப்பார்கள். இது முடியாதென்றால் எங்கள் பதிவேட்டை மூடி, அந்த இடத்தில் "பி.டி.எஸ். முடித்து வேலையில்லாதவர்கள்" என்று எழுதிவிடுங்கள். கணக்காவது நேராகும்.

எப்படியும் ஒரு குழு அமைப்பீர்கள் என்று தெரியும். அதில் ஹைஜீனிஸ்ட் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆளைத் தேடி அலைய வேண்டாம், பதிவேட்டில் பெயர் இருக்கிறது. இத்தனை வருடம் இந்த விஷயத்தில் வாய் திறக்காதவர்கள் கூடும் கூட்டத்தில், வாயைத் திறக்க வைக்கத் தெரிந்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இப்படிக்கு,
தங்கள் பதிவேட்டிலுள்ள,
டிப்ளமோக்காரி.

நகல்: தேசியப் பல் மருத்துவ ஆணையம், புது டெல்லி. (இந்தி மொழிபெயர்ப்பு அவர்கள் செலவில்.)