காத்திருத்தல் என்னும் நிரந்தரப் பணி
தமிழ்நாட்டில் வேலை தேடுவோர் முதலில் செய்யத்தக்கது, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டு, அதனை மூன்றாண்டுக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பிப்பதாகும். எப்பணியிலும் சேராமலேயே பதிவு மூப்பு, அதாவது பதிந்த நாளைக்கொண்டு கணிக்கப்படும் முன்னுரிமை, ஆண்டுதோறும் வளர்வது வேறெந்தத் தொழிலிலும் காணக் கிடைக்காத சலுகை. அடுத்து, பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமெனும், அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2022இல் 7,301 இடங்களுக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தனர் என்பதால், தேர்வுக்கூடத்தில் பழைய நண்பர்களையும், பேறிருந்தால் பழைய ஆசிரியரையும் சந்திக்கலாம். பத்தாம் வகுப்புப் பாடம் எளிதில் மறந்துபோவதாகையால், முனைவர் பட்டம் பெற்றோர் மட்டும் சற்றுக் கூடுதலாக உழைப்பது நலம். இத்தேர்வில் நேர்முகத் தேர்வு இல்லை. அது உறவினர் வீட்டுத் திருமணங்களில் தனியே நடத்தப்படுகிறது, "தயாராகிக்கொண்டிருக்கிறேன்" என்பதே அங்கு ஏற்கப்படும் ஒரே விடை. அரசு அலுவலகங்களின் இளநிலை உதவியாளர் பணியிடங்கள் இத்தேர்வின் வழியே நிரப்பப்படுவதால், பல்லாண்டு முயன்று வென்றவர் வேலைவாய்ப்பு அலுவலகத்திலேயே அமர்ந்து பிறரது காத்திருத்தலைப் பதிவேட்டில் ஏற்றும் பேற்றினைப் பெறக்கூடும். உணவு இடைவேளையில் அவர் குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்.