வரிசையில் நிற்க வாசலில்லாத ஊர்

கேள்வி: அயர்லாந்துப் பாடகர் டேமியன் ரைஸ் பெரிய இசை நிறுவனத்தின் பிடியிலிருந்து விலகி, 2002-இல் சொந்தமாக ஆல்பம் போட்டுப் புகழ் பெற்றாராமே. நம்மவர்களில் அப்படி யாராவது உண்டா, இல்லை எல்லாரும் கோடம்பாக்கத்துக்கு டிக்கெட் எடுத்தவர்கள்தானா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: ஒரு காலத்தில் டிக்கெட் எடுத்தே ஆகவேண்டியிருந்தது. மலேசியா வாசுதேவன் ஊர்ப் பெயரையும் சுமந்துகொண்டு சென்னைக்குப் போய்ப் போராடித்தான் 1977-இல் ‘16 வயதினிலே’ வரை வந்து சேர்ந்தார். 2006-இல் கோலாலம்பூர் யோகி பி, நட்சத்திரா குழுவோடு ‘வல்லவன்’ ஆல்பத்தை வெளியிட்டபோது கதை தலைகீழ். பாட்டு முதலில் கடல் தாண்டியது, ஆள் பின்னால் போனார். மறு ஆண்டே ‘பொல்லாதவன்’, பிறகு ‘ஆடுகளம்’, 2017-இல் ‘விவேகம்’. திறமைதான் காரணம் என்றால் வாசுதேவனுக்கு என்ன குறைச்சல்? என் கணக்கு வேறு. பாடகருக்குச் சோறு போடும் அளவுக்கு இங்கே மலேசியாவில் தமிழ் சினிமா கிடையாது. சென்னையில் நன்றாகப் பாடும் பிள்ளையை சினிமா பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் பிடிக்கும்வரை ஸ்டூடியோ வாசலில் நிற்பான். இங்கே நிற்பதற்கு வாசலே இல்லை. எந்தக் கதாநாயகனின் அறிமுகக் காட்சிக்காகவும் எழுத வேண்டாம். அந்த வறுமையே வசதியாகப் போயிற்று.

கேள்வி: ‘வல்லவன்’ ஆல்பத்தின் ‘மடை திறந்து’ இளையராஜா போட்ட மெட்டு. இரவல் நகையில் என்ன சுயேச்சை?
– வாசகி, கிள்ளான்

பதில்: நியாயமான குத்தல். 1980-இல் வந்த ‘நிழல்கள்’ படப் பாட்டுதான். ஆனால், எத்தனையோ ராஜா பாட்டு இருக்க, எடுத்தது எதை என்று பாருங்கள். வாய்ப்புத் தேடும் இசைக்கலைஞன் ஒருவன் தன் நாள் வந்துவிட்டதாகக் கனவு காணும் பாட்டு அது. ராஜாவே திரையில் தலைகாட்டுவார். வாய்ப்புக் கேட்கக்கூட ஆளில்லாத ஊர்ப் பையன்கள் அந்தக் கனவை எடுத்து, நடுநடுவே தங்கள் ராப்பை நிரப்பினார்கள். மெட்டு அவருடையது, துணிச்சல் இவர்களுடையது. ரைஸும் தனியாளாக ஒன்றும் சாதித்துவிடவில்லை. ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்கு இசையமைத்த டேவிட் ஆர்னால்டு அவருக்கு உறவு. அவர் ஏற்பாடு செய்த பதிவுக் கருவிகளில்தான் அந்த ஆல்பம் உருவானது. எதைப் பாடுவது என்ற முடிவு மட்டும் ரைஸ் கையில் இருந்தது. “யோகி பி-யும் கடைசியில் சினிமாவுக்குத்தானே போனார்?” என்பீர்கள். போனார். ஆனால், ராப் பாடத்தான் கூப்பிட்டார்கள், ராப் பாடிவிட்டுத்தான் வந்தார்.

கேள்வி: மகன் வேலையை விட்டுவிட்டு ராப் பாடப் போகிறானாம். விடலாமா?
– கவலையுள்ள அப்பா, கிள்ளான்

பதில்: பாட விடுங்கள், வேலையை விட விடாதீர்கள். யோகி பி இடம்பெற்ற ‘பொயட்டிக் அம்மோ’வின் முதல் ஆல்பம் 1998-இல் வந்தது. அங்கிருந்து ‘வல்லவன்’ வர எட்டு ஆண்டு. நாட்டில் இந்தியர்கள் சுமார் 20 லட்சம். அதில் தமிழ் ராப் கேட்பவர்கள், கேட்டாலும் காசு கொடுப்பவர்கள் என்று வடிகட்டினால் மிஞ்சுவது கல்யாண விருந்து மேடைதான். கோடிக்கணக்கானோர் கேட்டாலும் நிலைமை மாறிவிடாது. 2021-இல் உலகமே ஆடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’யால் தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று மூன்று ஆண்டு கழித்து இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகவே சொன்னார். ஆகவே, பையன் எழுதும் வரிகளை அப்புறம் படிக்கலாம். கையெழுத்துப் போடச் சொல்லி யாராவது நீட்டும் தாளை முதலில் வாங்கிப் படியுங்கள்.