வராத நாவலின் வாசகர்

ஒரு நாவல் எப்போது மிகச் சிறப்பாக இருக்கும் என்று கேட்டால் நம்மவர் தயங்காமல் சொல்வார்: அச்சகத்துக்குப் போவதற்கு முந்தின வாரம். அப்போது அதில் அச்சுப்பிழை இல்லை, இழுவையான அத்தியாயம் இல்லை, முடிவில் சொதப்பலும் இல்லை. அட்டைப்படம் வெளியாகியிருக்கும். எத்தனை பக்கம், என்ன விலை, கெட்டி அட்டையா சாதா அட்டையா என்பதெல்லாம் தெரிந்திருக்கும். ஏதாவது ஓர் இலக்கிய மாத இதழில் ‘வெளிவரவிருக்கும் நாவலின் ஒரு பகுதி’ வந்திருக்கும். இதற்கு மேல் ஒரு நாவலைப் பற்றித் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

நம்மவர் என்று ஒருமையில் சொன்னாலும் ஊருக்கு நாலு பேராவது தேறுவார்கள். வங்கியில் இருப்பார், மின்வாரியத்தில் இருப்பார், கல்லூரியில் இயற்பியல் நடத்துவார். தோளில் தொங்கிய ஜோல்னாப் பை போய் லேப்டாப் பை வந்துவிட்டது. அதில் லேப்டாப் மட்டும் இருக்காது. நவம்பர் பிறந்ததும் முகத்தில் ஒரு களை வந்துவிடும். யாருடைய நாவல் மெய்ப்பில் இருக்கிறது, யார் கடைசி அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டு பதிப்பாளரின் போனை எடுக்காமல் திரிகிறார், எது 400 பக்கம் என்று ஆரம்பித்து 700-ல் போய் நிற்கிறது, எல்லாம் அவருக்கு அத்துப்படி.

“விலை எகிறிடுச்சு சார். ஆனா முன்வெளியீட்டுத் திட்டத்துல இப்பவே கட்டிட்டா நல்லாக் குறையும். ஜிபே நம்பர் அனுப்பட்டுமா?”

பதிப்பகத்தில் அவருக்குச் சம்பளம் கிடையாது. ஆசைதான்.

இந்தப் பழக்கத்துக்குக் கௌரவமான பூர்விகமும் உண்டு. 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா., புத்தகம் கைக்கு வருவதற்கு முன்பே பிரபுக்களிடமும் உத்தியோகஸ்தர்களிடமும் கையொப்பம் வாங்கித்தான் அச்சுச் செலவைச் சமாளிக்கப் பார்த்தார். கையொப்பம் போட்ட கனவான்களில் எத்தனை பேர் திருத்தக்க தேவரின் விருத்தங்களைக் கடைசிவரை படித்தார்கள் என்று அவர் பரீட்சை வைக்கவில்லை. வைத்திருந்தால் தமிழ்ப் பதிப்புலகம் அங்கேயே நின்றுபோயிருக்கும். நம்மவர் அந்தக் கனவான்களின் நேர் வாரிசு.

தமிழில் நாவல்கள் வருஷம் முழுக்க வரலாம், யாரும் தடுப்பதில்லை. ஆனாலும் டிசம்பர் கடைசியிலும் ஜனவரி முதலிலும்தான் மொத்தமாக வந்து குவிகின்றன. எல்லாம் பொங்கலையொட்டிப் பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சிக்காக. 1977-ல் அண்ணா சாலை மதரஸா-ஐ-ஆஜம் பள்ளியில் சிறியதாகத் தொடங்கியது, இடம் மாறி மாறி இன்று நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் நூற்றுக்கணக்கான அரங்குகளாக நிற்கிறது. கார்ப்பெட்டுக்கு அடியில் பலகை ‘கிறீச்’ என்று ஒலிக்க, நம்மவர் வரிசை வரிசையாக நடந்து வருவார். வலது கையில் பைகள், இடது கையில் அரங்கு எண்களைக் குறித்த துண்டுச் சீட்டு.

“தம்பி, அந்த நாவல் வந்துடுச்சா?”

“பைண்டிங்ல இருக்கு சார். நாளைக்குச் சாயந்திரம் வந்துடும்.”

நம்மவர் முகம் மலரும். நாளைக்கு வர ஒரு காரணம் கிடைத்துவிட்டது. மறுநாள் போகிறார், பையன் புத்தகத்தை எடுத்து நீட்டுகிறான். அந்த நொடியில் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தால், மலர்ச்சியில் ஒரு சுற்றுக் குறைவது தெரியும். முகர்ந்து பார்ப்பார். முதுகைத் தடவுவார். பின்னட்டைக் குறிப்பை நின்ற இடத்திலேயே முழுதாகப் படிப்பார். முதல் பதிப்பு எந்த மாதம் என்று உள்ளே புரட்டிச் சரிபார்ப்பார். பிறகு மூடி, “பில் போட்டுடுப்பா” என்பார். பத்து சதவீதக் கழிவு போக மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டே கேட்பார்: “அப்புறம், அடுத்து என்ன வருது?”

வாங்கியதைப் படிக்காமல் இருக்க அவரிடம் ஒரு முறையான தத்துவமே உண்டு. காவல் கோட்டம், கொற்கை, அஞ்ஞாடி மூன்றும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டியவை. 2011, 2013, 2014 ஆண்டுகளின் சாகித்ய அகாதெமி விருதை முறையே வாங்கியவை. இதெல்லாம் பணி ஓய்வுக்குப் பிறகு, மனசு அடங்கி உட்கார்ந்து படிக்க வேண்டியவை என்று மேல் தட்டுக்குப் போய்விட்டன. சரி, சின்னப் புத்தகம்? 2024-ல் புக்கர் வாங்கிய சமந்தா ஹார்வியின் ‘ஆர்பிட்டல்’ 136 பக்கம்தான். “136 பக்கத்துக்குத் தனியா நேரம் ஒதுக்கணுமா என்ன? ஒரு ரயில் பயணம் போதும்.” ரயில் பயணம் வந்தது, மேல் பெர்த் கிடைத்தது, வெளிச்சம் சரியில்லை. ஆக, தடித்தவை தடிமனால் நிற்கின்றன, மெலிந்தவை எப்போது வேண்டுமானாலும் முடித்துவிடலாம் என்பதால் நிற்கின்றன. நடுத்தரமாக 300 பக்கத்தில் வருபவை நாவலா குறுநாவலா என்ற சர்ச்சை தீரட்டும் என்று நிற்கின்றன.

பெருமாள்முருகன் விஷயத்தில் அவருக்கு வந்த சிக்கல் வேறு மாதிரி. ‘மாதொருபாகன்’ 2010-ல் வந்தது. அந்தக் கதை விட்ட இடத்திலிருந்து இரண்டு வெவ்வேறு திசையில் போகும் தொடர்ச்சிகளாக ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ என்று 2014-ல் இரண்டு நாவல்கள் வந்தன. “ரெண்டுல எதை முதல்ல படிக்கிறதுங்கிறதே பெரிய பிரச்சினை” என்றார் நம்மவர். ‘மாதொருபாக’னுக்கு எழுந்த எதிர்ப்பால் 2015 ஜனவரியில் எழுத்தாளர் இனி எழுதமாட்டேன் என்று அறிவித்தபோது உண்மையாகவே கலங்கிப்போனார், அதில் நடிப்பில்லை. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு எழுத்தாளர் பக்கம் வந்ததும் வேலை பார்க்கும் இடத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த ஆண்டுக் கடைசியில் ‘பூனாச்சி’ வந்தபோது முதல் நாளே வாங்கிவிட்டார். வெள்ளாட்டுக் குட்டி இன்னும் அலமாரியில் சமர்த்தாக நிற்கிறது.

அதே அலமாரியில் ‘வெண்முரசு’க்கு ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறார். ஜெயமோகன் 2014 ஜனவரியில் தொடங்கி, நாள்தோறும் ஓர் அத்தியாயமாக இணையத்தில் எழுதி, 2020 ஜூலையில் 26 நாவல்களோடு மகாபாரதத்தை முடித்தார். தொடங்கிய புதிதில் நம்மவர் சொன்னது: “தினம் ஒரு துண்டா படிச்சா ஓட்டம் கெட்டுடும். முடியட்டும், மொத்தமாப் படிச்சுக்கலாம்.” முடிந்தது. அதுவும் ஊரடங்கு நேரம், வீட்டை விட்டு வெளியே போக முடியாது, சாக்குச் சொல்ல வழியே இல்லை. “ஸ்கிரீன்ல படிச்சா கண்ணு எரியுது. செம்பதிப்பு முழு வரிசையும் கைக்கு வரட்டும்” என்றார்.

அக்டோபர் முதல் இரண்டு வாரம் அவருக்குப் பண்டிகைக் காலம். இலக்கிய நோபலை ஸ்டாக்ஹோமில் பகல் ஒரு மணிக்கு அறிவிக்கிறார்கள். நமக்கு மாலை நாலரை. ஐந்து மணிக்குள் நம்மவர் நிபுணராகிவிட வேண்டும், இடையில் கிடைப்பது அரை மணி நேரம்தான். 2024-ல் அதிர்ஷ்டம் அவர் பக்கம் இருந்தது. ஹான் காங்கின் நாவல் ‘மரக்கறி’ என்று ஏற்கெனவே தமிழில் வந்திருந்தது, அவரும் வாங்கியிருந்தார். இரண்டாம் வரிசையிலிருந்து தேடி எடுத்து, கண்ணாடித்தாள் உறையை உரித்து, படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார்: ‘அன்றே கொண்டாடினேன்.’ மறு ஆண்டு லாஸ்லோ கிராஸ்னஹோர்காய் வந்து காலை வாரிவிட்டார். பெயரைத் தடுக்காமல் சொல்லப் பழகுவதற்குள் ராத்திரி ஆகிவிட்டது. அவருடைய நாவல்களில் ஒன்று முழுக்க முழுக்க ஒரே வாக்கியம் என்று தெரிந்ததும் ஆங்கில மொழிபெயர்ப்பை வரவழைத்தார். இடையில் நிறுத்தினால் வாக்கியம் அறுந்துவிடும் என்பதால் தொடங்கவே இல்லை.

2025-ன் சர்வதேச புக்கர் பரிசைக் கன்னட எழுத்தாளர் பானு முஷ்டாக்கின் கதைகளுக்காக, தீபா பஸ்தியின் ஆங்கில மொழிபெயர்ப்புக்குக் கொடுத்தார்கள். சிறுகதைத் தொகுப்பு ஒன்று அதை வாங்கியது அதுவே முதல் தடவை. மொத்தம் 12 கதைகள். தினம் ஒன்று என்றாலும் இரண்டு வாரம் ஆகாது. நம்மவருக்கு இங்கிலீஷில் படிக்க மனசில்லை. பக்கத்து மாநிலத்துக் கதையை லண்டன் போய்விட்டு வருவானேன் என்கிறார். நியாயமான கேள்விதான். அதனால் முதலில் கன்னடம் கற்பது என்று முடிவெடுத்து, அதற்கும் ஒரு புத்தகம் வாங்கியிருக்கிறார்.

“சமீபத்துல என்ன சார் படிச்சீங்க?” என்று கேட்டு அவரை மடக்கலாம் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அவரிடம் ‘மீள்வாசிப்பு’ என்றொரு பதில் தயாராக இருக்கிறது. தி.ஜானகிராமனை மீள்வாசிப்பு செய்துகொண்டிருப்பார். அசோகமித்திரனை மீள்வாசிப்பு செய்துகொண்டிருப்பார். அவர் முதல் வாசிப்பு செய்து பார்த்தவர்கள் யாரும் கிடையாது.

அப்படியும் சொல்லிவிட முடியாது. பள்ளிக்கூட நாட்களில் ‘பொன்னியின் செல்வன்’ படித்திருக்கிறார், ராத்திரி பகலாக. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த தொடரைக் கிழித்து, அடுக்கி, கோணூசியால் தைத்து பைண்டு செய்து வைத்திருந்த வீடு தெருவுக்கு ஒன்று இருந்த காலம். அவருக்குக் கிடைத்த வீட்டில் மூன்று பாகம்தான் இருந்தது. மிச்சம் கல்யாணமாகிப் போன ஒரு அத்தையோடு திருச்சிக்குப் போய்விட்டது. வந்தியத்தேவனுக்கு அப்புறம் என்ன ஆகியிருக்கும் என்று மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு அவர் கட்டிய கதைகள் ஐந்தாறு பாகத்துக்குக் காணும். 2023 ஏப்ரலில் படத்தின் இரண்டாம் பாகம் பார்த்துவிட்டுத் தியேட்டரிலிருந்து வெளியே வந்தபோது ரொம்ப வருத்தமாகச் சொன்னார்: “நாவல்ல இப்படி இல்லையே.”

அவர் சொன்னது சரிதான் என்பது வேறு விஷயம்.

அந்தக் காலத்துக் காத்திருப்பு நிஜமாகவே நீளம். சுந்தர ராமசாமியின் முதல் நாவல் 1966-ல் வந்தது, இரண்டாவது 1981-ல், மூன்றாவது 1998-ல். முதல் நாவலைப் படித்தபோது பிறந்த பிள்ளைக்கு மூன்றாவது வரும்போது முப்பத்திரண்டு வயது. ப.சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ கதை இன்னும் மோசம். பதிப்பாளர் கிடைக்காமல் பல வருஷம் கைப்பிரதியாகவே கிடந்து 1972-ல்தான் நூலானது. எழுதியவரோ பத்திரிகை அலுவலக வேலையும் மதுரை ஒய்எம்சிஏ விடுதி அறையுமாகத் தனியாக வாழ்ந்து முடித்தார். நாவல்தான் காத்துக் கிடந்தது, வாசகர் யாரும் அதற்காகக் காத்திருக்கவில்லை. இப்போது நந்தனம் ஒய்எம்சிஏவில் வாசகர் காத்திருக்கிறார். பதிப்பாளர், ஜனவரிக்குள் கொடுத்தால்தான் ஆச்சு என்று எழுத்தாளரை விரட்டுகிறார். கடைசி ஐம்பது பக்கம் மட்டும் மூச்சு வாங்க ஓடும் தமிழ் நாவல்கள் பலவற்றுக்கு இதுதான் காரணமோ என்று இந்தப் பத்தியாளருக்கு ஒரு சந்தேகம் உண்டு. நம்மவரிடம் கேட்டுப் பயனில்லை. கடைசி ஐம்பது பக்கத்துக்கு அவர் இதுவரை போனதில்லை.

வீட்டில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. “ஏங்க, லாஃப்ட்டுல குக்கர் பெட்டி வைக்க இடமில்ல. இதுல பாதியை யாருக்காவது கொடுங்களேன்” என்று பொங்கலுக்குப் பொங்கல் வரும் கோரிக்கையை, “படிச்சிட்டுக் கொடுத்துடறேன்மா” என்று ஒத்திவைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் அவரைக் கேலி செய்கிற பதிப்பாளர் ஒருவரும் கிடையாது. ஒரு காலத்தில் ஆயிரம், 1,200 பிரதி அடித்து நூலக ஆணையை நம்பி உட்கார்ந்திருந்தார்கள். இப்போது பிஓடி என்கிற, வேண்டியபோது வேண்டியதை மட்டும் அச்சடிக்கும் முறை வந்தபின் ஐம்பதும் நூறுமாக அடித்துக்கொள்ளலாம். அந்த நூறை யார் வாங்குவார் என்பதுதான் கேள்வி. நம்மவர் வாங்குவார். அவர் முன்பணம் கட்டியதால் பேப்பர் வந்தது, பேப்பர் வந்ததால் புத்தகம் வந்தது, எங்கோ ஒருவர் அதைப் படிக்கவும் செய்தார். புத்தகத்தைப் படித்துவிட்டு இரவல் கொடுத்து நாலு விற்பனையைக் கெடுக்கும் தீவிர வாசகரைவிட, பதிப்பக வரவு செலவில் இவர் எவ்வளவோ மேல்.

ஆகஸ்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழா. ஏதோ கல்யாணத்தைச் சாக்கிட்டுப் போன நம்மவர், பட்டு வேட்டியோடு அரங்குக்குள் நுழைந்துவிட்டார். ஜனவரியில் நந்தனத்தில் பில் போட்ட அதே பையன்.

“சார், அன்னைக்கு வாங்கினீங்களே, அந்த நாவலை நானும் படிச்சிட்டேன் சார். வாரநாள்ல மத்தியானம் கூட்டமே இருக்காது, உக்காந்து முடிச்சிட்டேன். அந்த முடிவு சரியா சார்? அவ ஊருக்கே திரும்பி வர்றது எனக்கு ஒத்துக்கல.”

“அதையெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுப்பா. படிக்கிற சுகம் போயிடும்.”

“நான்தான் படிச்சிட்டேனே சார்.”

“நான் என் சுகத்தைச் சொன்னேன்” என்றார் நம்மவர், வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. பிறகு மேசைமேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, “அவர் அடுத்தது எழுதறாராமே, எத்தனை பக்கம் வரும்?” என்று விசாரிக்கத் தொடங்கினார்.