ஓரத்தில் நின்றவர்

கேள்வி: எல்லே விளையாட்டில் என் மகனை எப்போதும் மைதானத்தின் கடைக்கோடியிலேயே நிறுத்துகிறார்கள். அதைப் போன்ற பேஸ்போலில் இப்படி ஓரத்தில் நிற்பவர்கள் பிழைக்க முடியுமா?
– ஒரு தகப்பன், உள்துறைமுக வீதி, திருகோணமலை

பதில்: பிழைப்பதா? கொடிகட்டிப் பறக்கலாம்! ஜப்பானின் இச்சிரோ சுசுகி வலப்பக்கக் கடைக்கோடியில் நின்றவர்தான். 2001இல் அமெரிக்காவின் சியாட்டில் மரினர்ஸ் அணிக்குப் போனார். அந்த ஏப்ரலில் ஓக்லண்டில் ஓர் ஆட்டம். எதிரணியின் டெரன்ஸ் லாங் முதல் தளத்திலிருந்து மூன்றாம் தளத்துக்கு ஓடினார். இச்சிரோ பந்தைப் பொறுக்கி ஒரே வீச்சு. அது தரையைத் தொடாமல் நேரே மூன்றாம் தளக்காரரின் கையுறைக்குள் போய் விழுந்தது. லாங் ஆட்டமிழந்தார். அந்த ஆண்டே சிறந்த புதுமுகம், மதிப்புமிக்க வீரர் என்ற இரண்டு விருதுகளும் இச்சிரோவுக்கு. தொடர்ந்து 10 ஆண்டுகள் தங்கக் கையுறை விருது. 2004இல் 262 ஹிட் அடித்து 84 ஆண்டு பழைய சாதனையை முறியடித்தார். ஓய்வு பெற்றது 2019இல், 45 வயதில்.

2025 பேஸ்போல் புகழ் மண்டபத் தேர்தலில் 394 வாக்குகளில் 393 அவருக்கு. வாக்களிக்காத அந்த ஒருவரை வீட்டுக்கு அழைத்து ஒன்றாகக் குடித்துப் பேச ஆசை என்றார் மனுசன். நம் ஊர் என்றால் தேர்தல் முடிந்த கையோடு அந்த ஆளைத் தேடிப்பிடித்து ஊரை விட்டே தள்ளி வைத்திருப்போம்!

நம் நாட்டிலும் ஹோமாகம தியகமவில் ஜப்பான் உதவியோடு கட்டிய பேஸ்போல் மைதானமே இருக்கிறது. அங்கே போக மகனுக்கு ஆசையிருந்தால், முதலில் ஒன்று சொல்லி வையுங்கள்: ஓரத்தில் நிற்கும்போது துறைமுகத்துக் கப்பலைப் பார்க்காமல் பந்தைப் பார்க்கட்டும்.