சாம்பிளோடு நின்ற ஓட்டு

தேர்தல் சீசன் வந்தால் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் காலையில் ஒரு கட்சிச் சின்னம், மாலையில் எதிர்க்கட்சிச் சின்னம். ஓவர்லாக் மிஷினில் குனிந்திருக்கும் ஒடிசாப் பையனுக்கு இரண்டும் ஒரே பீஸ் ரேட்தான். அவன் ஓட்டு மட்டும் சொந்த ஊரில். போட்டுவிட்டு வர ரயிலிலேயே நாலு நாள் கூலி போய்விடும்.

வழக்கமாக வசிக்கும் இடத்திலேயே பெயர் சேர்க்கலாம் என்கிறது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். ஆதாரம்? லைன் வீட்டில் ஒரே அறையில் எட்டுப் பேர். வாடகை ரசீது கேட்டுப் பாருங்கள், வீட்டுக்காரர் அறையையே காலி பண்ணச் சொல்வார்.

தேர்தல் ஆணையமும் சும்மா இல்லை. 72 தொகுதிகளைச் சமாளிக்கும் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்தைச் செய்து, 2023 ஜனவரி 16 அன்று கட்சிகளைக் கூட்டியது. எதிர்க்கட்சிகள் ஆட்சேபித்தன, சரக்கு சாம்பிளோடு நின்றது. அந்த மார்ச்சிலேயே, வடமாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவ, பீகார் அரசின் குழு திருப்பூருக்கே வந்து நலம் விசாரித்தது. ஓட்டு இழுக்காத ஆளை வதந்தி இழுத்து வந்துவிட்டது!

திருப்பூர் மாநகராட்சியில் மொத்தம் 60 வார்டுகள். தெருவில் சாக்கடை அடைத்தால் கவுன்சிலரிடம் சொல்ல அந்த ஒடிசாப் பையனுக்கு வாய் உண்டு, ஓட்டு இல்லை. அவன் வாங்கும் சோப்புக்கு ஜிஎஸ்டி மட்டும், எந்த ஊர் வாக்காளர் என்று கேட்காமலே பிடிக்கிறார்கள்.