ரங்கத் நெடுங்கோட்டில் பசி: இழந்த எடையும் 50 நிமிடப் பிழையும்

இளைப்பது எப்படி என்பது குறித்து நூல்கள் மிகுந்துள்ளன. இளைத்த பிறகு என்ன செய்வது என்பதில், பீரோவில் மடித்து வைக்கப்பட்ட பழைய சட்டைகளைத் தவிர வேறெதுவும் போதிய பொறுமையோடு காத்திருந்ததாகத் தெரியவில்லை. இக்குறையை ஓரளவு நீக்கும் பொருட்டு, கிழக்கு நெடுங்கோடு ஏறத்தாழ 93 பாகையில், நடு அந்தமானில் அமைந்த ரங்கத் என்னும் ஊரைக் களமாகக் கொண்டு இவ்வாய்வு மேற்கொள்ளப்படுகிறது. களம் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. 'ரங்கத்' என்ற பெயர் தமிழ்ச் செவிக்கு, அத்துச் சாரியை பெற்றும் வேற்றுமை உருபு பெறாமல் நிற்கும் ஒரு சொல்லாகவே ஒலிக்கிறது. 'இல்' என்றோ 'ஐ' என்றோ ஏதேனும் ஓர் உருபு வந்து சேரும்வரை அது வாயைத் திறந்தபடி காத்திருக்கிறது. இவ்வுறவு ஒலியளவினதே, சொற்பிறப்பியலுக்கு இதில் பங்கில்லை என்பதை ஒப்புக்கொண்டபோதிலும், 12 மணிச் சாப்பாட்டுக்காக 11.20 முதல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் விரதக்காரருக்கு இலக்கணத்தில் இதைவிடப் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது.

இடைவிட்ட விரதம் எனப்படுவது, எதை உண்பது என்பதைவிட எப்போது உண்பது என்பதை வரையறுக்கும் முறையாகும். நாளின் 24 மணி நேரத்தில் 8 மணி நேரத்துக்குள் உணவை முடித்துக்கொண்டு, எஞ்சிய 16 மணி நேரத்தைத் தண்ணீரோடும் மன உறுதியோடும் கழிப்பது 16:8 என வழங்கும். வாரத்தில் 5 நாள் வழக்கம்போல் உண்டு, 2 நாள் மட்டும் ஏறத்தாழ 500 அல்லது 600 கலோரியோடு நிறுத்திக்கொள்வது 5:2 எனப்படும். பின்னதை 2012இல் மைக்கேல் மோஸ்லி பிபிசி வழியாக உலகறியச் செய்தார் எனினும், ஒருபொழுது, ஒருசந்தி, ஏகாதசி, சஷ்டி என்று நாள்காட்டியையே விரதப் பட்டியலாக அச்சிட்டு வைத்திருந்த தமிழருக்கு இச்செய்தி சற்றுத் தாமதமாகவே வந்து சேர்ந்தது. விரதத்தின் பின்விளைவையும் தமிழர் முன்பே அறிந்திருந்தனர் என்பதற்கு 'பலகாரம்' என்னும் சொல்லே சான்று. பலம் என்றால் பழம், ஆகாரம் என்றால் உணவு. சோற்றை விலக்கிப் பழம் மட்டும் உண்ணும் விரத உணவுக்கு ஏற்பட்ட இப்பெயர், காலப்போக்கில் சோறல்லாத இட்லி, அடை, உப்புமா ஆகியவற்றைத் தழுவி, பிறகு எண்ணெய்ச் சட்டிக்குள் இறங்கி, இன்று தீபாவளி முறுக்காகவும் அதிரசமாகவும் நிற்கிறது. இழந்த எடை படிப்படியாகத் திரும்புவதை ஒரே சொல்லின் வரலாற்றில் இவ்வளவு முழுமையாகப் பதிவு செய்த மொழி வேறுண்டா என்பது ஒப்பிலக்கணத்தார் ஆராயத்தக்கது.

மேலே செல்வதற்கு முன் அளவை பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. கலோரி என்னும் அலகு ஆய்வகத்துக்குப் பொருந்துமேயன்றித் தேநீர்க் கடைக்குப் பொருந்துவதில்லை. ஆகையால் இக்கட்டுரையில் இனி 100 கலோரி என்பது ஒரு 'வடை' எனப்படும். ஒரு மெதுவடையின் உண்மையான மதிப்பு, மாவின் அளவையும் அது எண்ணெயோடு கொண்ட நட்பின் ஆழத்தையும் பொறுத்து மாறும் என்றாலும், அலகு என்ற முறையில் இது போதுமானது. அரசர் ஒருவரின் பாத நீளத்தை அளவையாகக் கொண்டாடிய உலகம் வடையை மறுக்க நியாயமில்லை.

எடை இழந்தவரை, சுருக்கம் கருதி, 'இளைத்தார்' என்று குறிக்கலாம். இளைத்தாரின் உடலில் நிகழ்வது யாதெனில், கொழுப்புத் திசுவிலிருந்து சுரந்து மூளைக்கு 'இருப்பு போதும்' என்று தெரிவிக்கும் லெப்டின் குறைகிறது. இரைப்பையிலிருந்து சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. 2011இல் பிரியா சுமித்ரனும் உடனாய்வாளர்களும் மெல்போர்னில் 50 பேரை 10 வாரம் மிகக் குறைந்த உணவில் வைத்து, சராசரியாக 13 கிலோவுக்கு மேல் இளைக்கச் செய்து, பிறகு 62ஆம் வாரத்தில் சோதித்தபோதும் இந்தச் சுரப்புகள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. ஓராண்டு கழிந்தும் வயிறு வழக்கை வாபஸ் வாங்கவில்லை என்பதே இதன் பொருள். 2016இல் கெவின் ஹாலும் பிறரும் வேறொரு வழியில் இதையே அளந்தனர். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் ஒரு மருந்தை உட்கொண்ட நீரிழிவு நோயாளிகள், தாம் கலோரி இழப்பதைத் தாமே அறியாமல் இளைத்தனர். அவர்களின் கணக்கிலிருந்து, இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் பசி நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கலோரி கூடுகிறது என்றும், உடலின் செலவோ கிலோவுக்கு 20 முதல் 30 கலோரிதான் குறைகிறது என்றும் தெரியவந்தது. புதிய அலகில் சொன்னால், கிலோவுக்கு ஒரு வடை. 10 கிலோ இளைத்தவர் வழக்கமான உணவுக்கு மேல் நாள்தோறும் 10 வடைக்கான கோரிக்கை மனுவை வயிற்றிலிருந்து பெறுகிறார்; வரவு செலவில் அவருக்கு உரிமையுள்ளதோ முன்பைவிட இரண்டு, மூன்று வடை குறைவு. உடற்பயிற்சியின்மை, மன உறுதியின்மை, மைத்துனர் வீட்டுத் திருமணம் என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களெல்லாம் இந்த இடைவெளிக்குப் பின்னால் வரிசையில் நிற்பவையே.

இவ்வுண்மையை ஔவையார் ஆய்வகமின்றியே கண்டறிந்தார். நல்வழியில் தம் வயிற்றோடு அவர் வழக்காடும் பாடலின் சாரம், பட்டினியையும் அது ஏற்பதில்லை, முன்கூட்டிய சேமிப்பையும் அது ஏற்பதில்லை என்பதாகும். இடைவிட்ட விரதத்தின் முழு இடர்ப்பாடும் இதில் அடங்கும். அதே நூல், பசி வந்தால் பறந்துபோகும் பத்தினுள் தவத்தையும் சேர்த்திருப்பது கூர்ந்து நோக்கத்தக்கது. விரதம் என்பது தவம். விரதத்தால் பசி வருகிறது. பசி வந்தால் தவம் போகிறது. தர்க்க நூலார் இதைத் தன்னையே விழுங்கும் வாதம் என்பர். இளைத்தார் இதை மாலை நான்கு மணி என்பர்.

ரங்கத்தின் தனிச்சிறப்பு இனி வருகிறது. இந்திய நேரம் 82½ பாகை நெடுங்கோட்டை அடிப்படையாகக் கொண்டு 1906 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தக் கோட்டுக்கு 10 பாகைக்கும் மேல் கிழக்கே இருக்கும் ரங்கத்தில் சூரியன் கடிகாரத்தைவிட 40 நிமிடத்துக்கு மேல் முந்தியிருக்கிறது. சென்னைச் சூரியனோடு ஒப்பிட்டால் இம்முந்துதல் ஏறத்தாழ 50 நிமிடம். இரண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருப்பதால் பகலின் நீளத்தில் பெரிய வேறுபாடில்லை. ஆனால் ஜூனில் 5 மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது, நவம்பரில் 5 மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. மெயின்லேண்டிலிருந்து வரும் யூடியூப் அறிவுரை 'நண்பகல் 12 முதல் இரவு 8 வரை' என்று சொல்லும்போது, சொல்பவர் நினைக்கும் 8 மணி வேறு, நவம்பரில் மூன்று மணி நேரத்துக்கு முன்பே இருட்டிவிட்ட ஊரில் கேட்பவர் காணும் 8 மணி வேறு.

இவ்வேறுபாடு அறிவியல் சிக்கலாக இருந்தவரை தீங்கில்லை. அது வாய்ப்பாக மாறியதே எடை திரும்புவதற்குக் காரணம். விரதத்தை முடிக்கும்போது சூரியனையும், தொடங்கும்போது கடிகாரத்தையும் ஆதாரமாகக் கொள்ளும் ஒரு கணித முறை இளைத்தாரிடையே இயல்பாகவே தோன்றக்கூடியது. 'சென்னையில் இந்நேரம் வெயில் இப்படி நின்றால் 12 மணி' என்று 11.10க்குச் சாப்பாட்டைத் தொடங்கி, '8 மணிக்கு இன்னும் 5 நிமிடம் இருக்கிறது' என்று இரவில் முடிப்பவர், 8 மணி நேர உணவுச் சாளரத்தை எவ்விதிமீறலும் இன்றி 8 மணி 50 நிமிடமாக நீட்டிக்கொள்கிறார். இதை 'நெடுங்கோட்டு ஏய்ப்பு' எனலாம். 50 நிமிடத்தில் மூன்று வடையும் ஒரு சர்க்கரைத் தேநீரும் நெருக்கடியின்றி அடங்கும்.

சாளரத்துக்கே தனி மந்திர சக்தி உண்டு என்று நம்புவோர், 2022இல் வெளியான குவாங்சோ ஆய்வைக் கருத வேண்டும். ஒரே அளவு கலோரிக் கட்டுப்பாட்டில் 139 பேரை வைத்து, ஒரு பாதியினரை மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரை உண்ணச் செய்தபோது, ஓராண்டு முடிவில் அவர்கள் 8 கிலோவும் மற்றவர்கள் 6.3 கிலோவும் இளைத்தனர்; புள்ளியியல் இதை வேறுபாடாக ஏற்கவில்லை. அதாவது நேரக்கட்டு ஒரு வேலி மட்டுமே. வேலிக்குள் என்ன மேய்கிறது என்பது வேறு கேள்வி. வேலியில் 50 நிமிட அகலத்துக்கு ஓட்டை இருப்பது அதனினும் வேறு கேள்வி.

எடையைக் காப்பதில் சமூகத்தின் பங்கும் குறைந்ததன்று. தமிழர் ஒருவர் இளைத்தால் அவரைக் காணும் மற்றொரு தமிழர் முதலில் கேட்பது 'என்னண்ணே, சுகரா?' என்பதே, இக்கேள்வியைத் தவிர்க்கவே மீண்டும் பருத்தவர் உண்டு. ரங்கத்தில் இது இருமொழிச் சிக்கலாகிறது. 1949 முதல் அந்தமானில் குடியமர்த்தப்பட்ட கிழக்கு வங்க அகதிகளின் வழியினர் மிகுந்த இவ்வூரில், அண்டை வீட்டு வங்காளி அம்மையார் இளைத்தாரைப் பார்த்து 'ரோகா' என்கிறார். வங்க மொழியில் ரோகா என்றால் ஒல்லியானவர். தமிழ்ச் செவியில் அது ரோகி. ஒருபொழுது உண்பவன் யோகி, இருபொழுது உண்பவன் போகி, முப்பொழுது உண்பவன் ரோகி என்ற பழமொழியை வங்கக் காதோடு கேட்டால், மூன்று வேளையும் உண்டவரே ஒல்லியாகிறார் என்னும் முடிவு கிட்டும். பாராட்டை நோயாகவும் எச்சரிக்கையைப் பாராட்டாகவும் மாற்றவல்ல இவ்வூரில் இளைத்தார் எதை நம்பி உணவைக் குறைப்பார் என்பது விளங்கவில்லை.

பசியைச் சமாளிக்கும் வழிகளுள், அதைக் காத்திருந்து கடத்துவதே தொன்மையானது. கிரெலின் வழக்கமான சாப்பாட்டு நேரத்தை ஒட்டி ஏறி, உண்ணாவிட்டாலும் சிறிது நேரத்தில் தானே இறங்குவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. 'பசி ஆறிப்போச்சு' என்ற வீட்டுப் பேச்சு இதையே குறிக்கிறது. நாள்தோறும் ஒரே நேரத்தில் உண்பவருக்குப் பசியும் ஒரே நேரத்தில் வரும். நெடுங்கோட்டு ஏய்ப்பில் ஈடுபட்டவருக்கோ இரண்டு நண்பகல்கள் இருப்பதால் பசியும் இருமுறை வருகிறது. உணவின் தன்மையும் கணக்கில் சேரும்: 1995இல் சுசானா ஹோல்ட் சிட்னியில் 38 உணவுகளின் நிறைவாற்றலை, வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்து அளந்தபோது, வேகவைத்த உருளைக்கிழங்கு 323 பெற்று முதலிடம் பெற்றது, மீன் 225. மீனும் உருளைக்கிழங்கும் சமையலின் இரு தூண்களாக உள்ள வங்காளி வீடுகளுக்கு அருகில் வாழ்வது இளைத்தாருக்கு நற்பேறு. அதே உருளைக்கிழங்கு சிங்காரா என்னும் வங்க சமோசாவுக்குள் புகுந்து பொரிந்து வருவது அவருடைய ஊழ். பாக்கு மெல்வது விரதத்தை முறிக்குமா என்னும் கேள்வியை இக்கட்டுரை தொடாது. பாக்குத் தோப்புகள் நிறைந்த தீவில் அதற்கு விடை சொல்பவர் நிம்மதியாக வெளியே நடமாட முடியாது.

இயற்கையான விரதக் கூடம் ஒன்றும் இத்தீவுகளில் உண்டு. ரங்கத்திலிருந்து தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்துக்கு, அதாவது 2024 வரை போர்ட் பிளேர் என்றிருந்த ஊருக்கு, சாலை வழியே ஏறத்தாழ 170 கிலோமீட்டர். அதில் ஜாரவாப் பழங்குடி மக்களின் காப்புப் பகுதி வழியாகச் செல்லும் தொலைவில் வாகனங்கள் காவலோடு அணிவகுத்துச் செல்கின்றன. நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, உணவு கொடுக்கக் கூடாது. அம்மக்களின் வாழ்வைப் பயணியரிடமிருந்து காக்க ஏற்பட்ட இவ்விதி, பயணியரை வடையிடமிருந்தும் காக்கிறது என்பது சட்டம் கருதாத துணைப்பயன். ஆனால் திரும்பும் வழியில் அணி புறப்படும் ஜிர்காடாங்கில் தேநீர்க் கடைகள் உள்ளன. வரப்போகும் பட்டினியை முன்னிட்டு அங்கு உண்ணப்படுவது, தவறவிட்ட உணவைவிட எப்போதும் ஒரு வடை கூடுதலாகவே இருக்கக்கூடும்.

ஏய்ப்பைக் களைய, சாளரத்தின் இரு முனைகளையும் ஒரே ஆதாரத்தில் கட்ட வேண்டும் என்பது 'ரங்கத் திருத்தம்' ஆகும்: கடிகாரமெனில் இரண்டுக்கும் கடிகாரம், சூரியனெனில் இரண்டுக்கும் சூரியன். இத்திருத்தத்துக்கு ஒரே ஒரு விதிவிலக்கு இன்னும் தீர்க்கப்படாமல் உள்ளது. சூரியனைத் தேர்ந்த ஒருவர் சென்னைக்குக் கப்பலேறினால், ஏறத்தாழ மூன்று நாள் பயணத்தில் அவருடைய நண்பகல் நாளொன்றுக்குப் பதினேழு நிமிடம் வீதம் பின்வாங்கும்; அவர் அவ்வளவு நேரம் கூடுதலாகப் பட்டினி கிடக்கக் கடமைப்பட்டவர், திரும்பி வரும்போது அதே நிமிடங்களை மீட்டுக்கொள்ள உரிமையுள்ளவர். கப்பல் கேன்டீனோ நெடுங்கோடு எதையும் பொருட்படுத்தாமல் குறித்த நேரத்தில் தட்டுகளை அடுக்கி, குறித்த நேரத்தில் கதவைச் சாத்திவிடுகிறது.