முன்னமாதிரியார்

ஜவ்வாது மலையில் சாமை விளையும், தேன் கிடைக்கும், பலாவும் புளியும் உண்டு. ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் ஒரு முன்னமாதிரியாரும் உண்டு. 'அது எந்தப் பக்கத்து ஆட்கள்?' என்று விசாரிக்க வேண்டாம். எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். பெரிய இசையமைப்பாளர் ஒருவரின் புதுப் பாடல்கள் வெளிவந்ததும், பல்லவி முடிந்து சரணம் தொடங்குவதற்குள் "முன்ன மாதிரி இல்லப்பா" என்று சொல்லி, காதிலிருந்து இயர்போனைப் பிடுங்குகிறவர் எவரோ அவரே முன்னமாதிரியார்.

சமவெளி முன்னமாதிரியாருக்கும் மலை முன்னமாதிரியாருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சென்னையில் இருப்பவர் ஆறு மணிக்குப் பாட்டு வந்தால் ஆறு ஐந்துக்குள் கேட்டு, ஆறு பத்துக்குள் ஏமாந்து முடித்திருப்பார். மலையில் சிக்னல் வரும், போகும். பாதிப் பாட்டில் வட்டம் சுற்ற ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும் வரை சுற்றும். அதனால் பாட்டு மலையேறுவதற்கு முன்பே தீர்ப்பு மலையேறிவிடும். போளூரிலிருந்து அவருடைய மச்சான் கூப்பிடுவார்.

"கேட்டியா மச்சான்?"

"இன்னும் இல்ல."

"கேக்காத. முன்ன மாதிரி இல்ல."

நம்மவர் போனை வைத்துவிட்டு எதிர்க் கடை டீ மாஸ்டரைப் பார்த்து, "மனுஷன் ரொம்ப ஏமாத்திட்டார்ப்பா" என்பார். கேட்டு ஏமாறுவது ஊர் வழக்கம். கேட்காமலே ஏமாறுகிற திறமை நம்மவருக்கே உரியது.

இப்போது அவர் வைத்திருப்பது செல்போன் கடை. ரீசார்ஜ், கவர், சார்ஜர், கண்ணாடி ஒட்டுதல். தொண்ணூறுகளில் அதே இடத்தில் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தார். ஆட்கள் நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்கள். கையெழுத்து புரியாத இடத்தில் இவரே ஊகித்துப் போடுவார். அந்த ஊகம் பெரும்பாலும் இளையராஜாவாகத்தான் இருக்கும். பட்டியலில் பத்துப் பாட்டு இருந்தால் எது ஏ பக்கம், எது பி பக்கம் என்று நிமிடக் கணக்குப் போட்டுப் பிரிப்பார். ஒரு பக்கத்தின் கடைசியில் ஒன்றரை நிமிடம் மிஞ்சினால் வெறுமனே விடமாட்டார். ஏதாவது ஒரு பின்னணி இசைத் துண்டைச் செருகுவார். பதிவு முடிந்ததும் கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் காதை ஸ்க்ரூ டிரைவரால் உடைத்துக் கொடுப்பார். "இனிமே எவனும் இதுமேல வேற பாட்டு ஏத்த முடியாது" என்பார். கேசட்டுகள் போய்விட்டன. ஆனால் அவர் மனசின் பிளாஸ்டிக் காது உடைந்தது உடைந்ததுதான். அதன்மேல் புதுப் பாட்டு ஏறாது.

அவருடைய ஏமாற்றங்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1986-இல் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' வந்தது. தியாகராஜருக்கும் ஜெர்மானிய மேதை பாக்குக்கும் காணிக்கையாக்கிய, சினிமாவோடு சம்பந்தமில்லாத இசைத்தொகுப்பு. மீசை அரும்பிய வயதில், கீழே ஒரு ரெக்கார்டிங் கடையில் எடுபிடியாக இருந்த நம்மவர், "பாட்டே இல்லாத கேசட்ட எவன் வாங்குவான்?" என்று தம் முதல் தீர்ப்பை வழங்கினார். இன்று எந்தப் பையனாவது வயலின் துண்டு ஒன்றை ரிங்டோனாக வைத்திருந்தால் பிடித்து நிறுத்தி, "ஹவ் டு நேம் இட் கேட்டிருக்கியா நீ? அது வாசிப்பு!" என்று பாடம் நடத்துகிறவரும் அவரே.

ரஹ்மான் விஷயத்தில் இந்த வழக்கம் ஒரு நேர்த்தியான முறையாகவே வளர்ந்துவிட்டது. 1997 பொங்கலுக்கு 'இருவர்' வந்தது. "ரோஜா போட்ட கையா இது? பழைய பாட்ட தூசி தட்டிப் போட்டுட்டார்" என்றார். படமும் ஓடவில்லை, நம்மவருக்கு அதில் ஒரு திருப்தி. 2002-இல் 'பாபா'. "இருவர்ல எப்படிப் போட்டிருந்தார்! அந்த ரஹ்மான் எங்க?" 2010 ஜூலை கடைசியில் கோலாலம்பூரில் 'எந்திரன்' பாடல்களை வெளியிட்டார்கள். "ஒரே மெஷின் சத்தம். பாபாவுல ஒரு ஆத்மா இருந்துச்சு." ரோபோ படத்தில் மெஷின் சத்தம் வராமல் மேளமா வரும் என்று கேட்டால், "நீ இன்னா அவருக்கு வக்கீலா?" என்பார். 2014-இல் 'லிங்கா' வந்ததும், "எந்திரனுக்கு எவ்ளோ உழைச்சிருந்தார்! இப்ப சோம்பேறி ஆயிட்டார்" என்றார்.

முறை இப்போது புரிந்திருக்கும். அவர் நீதிமன்றத்தில் எந்த ஆல்பத்துக்கும் ஆயுள் தண்டனை கிடையாது. அடுத்த ஆல்பம் வரும்வரைதான் சிறை. அது வந்த மறுநாளே பழைய கைதி விடுதலையாகி, நேரே பூஜை அறைக்குப் போய்விடுவார்.

அந்தச் 'சோம்பேறி' செய்த வேலையைக் கொஞ்சம் பாருங்கள். 2014 என்ற அந்த ஒரே ஆண்டில் 'கோச்சடையான்', 'காவியத் தலைவன்', 'லிங்கா' மூன்றும் திரைக்கு வந்தன. 'ஐ' பாடல்களும் அதே ஆண்டில் வெளியாகின. நடுவே ஹாலிவுட் படங்கள் வேறு. 'லிங்கா' அந்த மே மாதம் படப்பிடிப்பு தொடங்கி, டிசம்பர் 12, ரஜினி பிறந்தநாளில் திரைக்கே வந்துவிட்ட படம். பாட்டில் அவசரம் தெரிகிறது என்றால் அது நியாயமான விமர்சனம். சோம்பல் என்றால், அந்த மனிதர் தூங்கிய இரவுகளை யாராவது எண்ணிக் காட்டவேண்டும்.

முன்னமாதிரியார் எப்போதுமே தப்பாகச் சொல்கிறார் என்று நான் சொல்லவரவில்லை. நின்றுபோன கடிகாரத்துக்குக் கிடைக்கும் மரியாதை அவருக்கும் உண்டு. 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்கு ரஹ்மான் போட்ட கருப்பொருள் பாடல் அந்த ஆகஸ்டில் வெளியானதும் நாடே முகம் சுளித்தது. முந்தைய ஆண்டுதான் இரண்டு ஆஸ்கர்களைக் கையில் ஏந்தியவர். அதே கோடையில் உலகக் கோப்பை கால்பந்துக்கு ஷகிரா பாடியது ஊரெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நம்முடையது எடுபடவில்லை. ஏற்பாட்டாளர்கள் தரப்பிலேயே அதிருப்தி எழுந்தது. அன்று நம்மவரும் "முன்ன மாதிரி இல்ல" என்றார், அது சரியாகவே இருந்தது. சிக்கல் என்னவென்றால், 'இருவர்' வந்தபோதும் அவர் அதையேதான், அதே குரலில்தான் சொன்னார். எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை கொடுக்கிறவருக்கு ஒரு நோய் குணமானால் அதை வைத்தியம் என்று ஒப்புக்கொள்ள முடியுமா?

2012 செப்டம்பரில் 'நீதானே என் பொன்வசந்தம்' பாடல்கள் வந்தபோது, ராஜா ரசிகர்களே இரண்டு கட்சியானார்கள். நம்மவர் எந்தக் கட்சி என்று சொல்லவேண்டியதில்லை. "யுவன ஏன் பாட வெச்சார்? குரல் ஒருபக்கம் போவுது, ஆர்க்கெஸ்ட்ரா ஒருபக்கம் போவுது" என்று வருவோர் போவோரிடமெல்லாம் புலம்பினார். சில ஆண்டுகள் கழித்து ஜமுனாமரத்தூர் கோடை விழாவில், மேடையில் மெல்லிசைக் குழு ஒரு பாட்டை எடுத்தது. நம்மவர் கண்ணை மூடிக்கொண்டார். தொடையில் தாளம் போட்டார். முடிந்ததும் பக்கத்திலிருந்த பையனிடம், "இதாண்டா எண்பதுகளோட ராஜா!" என்றார்.

"அண்ணா, இது நீதானே என் பொன்வசந்தம்."

நம்மவர் அசரவில்லை. "மேடையில வாசிக்கும்போது நல்லாத்தான் கீது" என்றார்.

அவரை இதுவரை ஏமாற்றாத ஆல்பம் என்று ஏதாவது உண்டா? ஒன்றே ஒன்று உண்டு. 1993-இல் இளையராஜா லண்டன் சென்று ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு ஒரு சிம்பொனியைப் பதிவு செய்தார். அது வெளிவரவே இல்லை. நம்மவர் கடையில் அதைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எழுந்து நிற்பார். "உலகத்துலயே அப்படி ஒண்ணு கிடையாது" என்பார். யாரும் கேட்டதில்லை என்பதால் யாரும் மறுத்ததும் இல்லை. பிறகு 2025 மார்ச் 8 அன்று, 81 வயதில், 'வேலியண்ட்' என்ற சிம்பொனியை ராஜா லண்டனில் அரங்கேற்றினார். தமிழ்நாடே கொண்டாடியது. நம்மவரிடம் கேட்டோம். சற்று யோசித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கும். ஆனா தொண்ணூத்தி மூணுல போட்ட மாதிரி வராது" என்றார்.

இந்த வியாதி நம் மலைக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் பாப் டிலன் 1970-இல் 'செல்ஃப் போர்ட்ரெய்ட்' என்று ஒரு இரட்டை ஆல்பம் வெளியிட்டார். பத்திரிகைகள் கிழித்துத் தோரணம் கட்டின. 2013-இல் அதே காலத்து ஒலிப்பதிவுகளைத் தூசி தட்டி 'அனதர் செல்ஃப் போர்ட்ரெய்ட்' என்று வெளியிட்டபோது, அதே உலகம் ஆஹா என்றது. டிலன் ஊரிலும் ஒரு மச்சான் போன் போட்டிருக்கிறார்.

நிதானத்துக்கு உதாரணம் தேடி அமெரிக்கா போகவேண்டியதில்லை. இதே மலையில் காவலூரில் வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச்சில் யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போனபோது, நட்சத்திரத்தின் ஒளி எதிர்பாராத நேரத்தில் மங்கியதைக் காவலூர்த் தொலைநோக்கியும் பிடித்தது. குறுக்கே வந்தது புதிய துணைக்கோள் என்றுதான் அவர்கள் முதலில் எழுதினார்கள். மற்ற இடங்களில் பதிவானதையும் சேர்த்துப் பார்த்தபோது, அது யுரேனஸைச் சுற்றியிருக்கும் வளையம் என்று தெளிந்தது. முதல் பார்வையில் தெரிவது ஒன்று, சேர்த்துப் பார்த்தால் தெரிவது வேறு. இதை நம்மவரிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

"அவங்க கவர்மென்ட் சம்பளத்துல பாக்கறாங்க, நிதானமாப் பாப்பாங்க. எனக்குக் கடை இருக்குல்ல?"

2025-இல் 'தக் லைஃப்' பாடல்கள் வந்த வாரம், கவர் மாற்ற வந்த ஒரு கல்லூரிப் பையன் கடையிலேயே அதைப் போட்டான். நம்மவர் வழக்கம்போலத் தலையை ஆட்டினார்.

"நாயகன் எங்க, இது எங்க?"

"அண்ணா, நாயகன் ராஜா சாரோட நானூறாவது படம். இது ரஹ்மான்."

"அதத்தான் நானும் சொல்றன்."

பாடல் வெளியீட்டு மேடையில் சின்மயி 'முத்த மழை' பாடியதும் ஊரெல்லாம் அதையே பேசியது. நம்மவரும் தினம் நாலு தடவை கேட்டார். "மேடையில பாடினதுதான் பாட்டு. ஆல்பத்துல போட்டது முன்ன மாதிரி இல்ல" என்றார். இரண்டும் ஒரே ஆண்டு, ஒரே மெட்டு, ஒரே இசையமைப்பாளர். ஒரே பாட்டுக்குள்ளேயே ஒரு 'முன்ன'வைக் கண்டுபிடித்த பெருமை அவரைச் சேரும்.

பழைய பாட்டெல்லாம் ஏன் அவருக்கு அவ்வளவு இனிக்கிறது? வயசுக் கோளாறு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அவர் கடையின் மேல் தட்டில்தான் விடை கிடைத்தது. கண்ணாடிக்குப் பின்னால் இன்னும் அடுக்கி வைத்திருக்கிறார், அந்தக் காலத்தில் தமக்கென்று பதிவு செய்துகொண்ட கேசட்டுகளை. முதுகில் சிவப்பு மையில் 'ராஜா சோகம் 3', 'ராஜா மழை 5', 'ரஹ்மான் மெலடி 2'. எண்பதுகளில் இளையராஜா ஓர் ஆண்டிலேயே நாற்பது படங்களுக்கு மேல் இசையமைத்தார். அத்தனை படத்திலும் அத்தனை பாட்டுமா தேன்? படத்துக்கு ஒன்றோ இரண்டோ தேறியதை இவர் பொறுக்கி ஏற்றிக்கொண்டார். மிச்சத்தை விட்டுவிட்டார். வாடிக்கையாளர் பட்டியலிலும் அவை வரவில்லை. முப்பது ஆண்டு கழித்து அந்தத் தட்டைப் பார்த்தால், அந்தக் காலத்தில் மோசமான பாட்டே வந்ததில்லை என்றுதான் தோன்றும். வராமல் இல்லை, இவர் ஏற்றவில்லை. இன்று வருகிற ஆல்பமோ நல்லதும் சுமாரும் கலந்து முழுசாக இறங்குகிறது. சலித்த தானியத்தையும் சலிக்காததையும் ஒரே தராசில் வைத்து, புதுசில் கல் இருக்கிறது என்கிறார் அவர். இருக்கத்தான் செய்யும்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய பெயர்களின் ஆல்பம் மோசமாக இருந்தால் மோசம் என்றே சொல்லுங்கள். ஆஸ்கர் வாங்கியவர், சிம்பொனி எழுதியவர் என்று பயந்து பாராட்டினால், அவர்களுக்கும் நல்லதில்லை, நமக்கும் நல்லதில்லை. ஆனால் முழுசாக மூன்று தடவை கேளுங்கள். எந்தப் பாட்டு, எந்த இடத்தில், எதனால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். பழையதோடு ஒப்பிடுவதானால் பழைய ஆல்பத்தின் சுமாரான பாட்டையும் எடுத்துவைத்து ஒப்பிடுங்கள். ஜமுனாமரத்தூர் போனால் நம்மவர் கடைக்கும் போய்வாருங்கள். செல்போன் கவர் நியாயமான விலைக்குக் கொடுப்பார், வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே இலவசமாக ஒரு தீர்ப்பும் கொடுப்பார். அதை மட்டும் வாங்காதீர்கள்.